அக்காவின் மேல்வரிசை

அழைப்பு மணியின் ஒயரை அவர் பல்லால் கடித்து இழுத்தபோது ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே நின்றிருந்த அக்கா ஒரு கையால் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.

"பல்லு செய்யறவன் பல்லால ஒயர் கடிக்கலாமாடா?"

ஒரு பல்கூட இல்லாத வாய். கேள்வி பாதி காற்றாகத்தான் வந்தது. கூடப் பிறந்தவர் என்பதால் அவருக்குப் புரிந்தது.

"இதுதான் கடைசி. இனிமே இந்த வீட்டுல மணி அடிக்காது."

"வர்றவங்க?"

"கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க."

"ரொம்ப நல்லது. எனக்குப் பல்லு எப்ப வரும்?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கையில் ஒயர்த் துண்டு. பாதிப் பல்வரிசையைக் கட்டி முடித்துவிட்டவர் போல அதைப் பார்த்துக்கொண்டார்.

அவர் பல் மெக்கானிக். பல் டாக்டர் ஆட்களின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறு வார்ப்பார். ஈறின் மேல் மெழுகு வைத்து மெழுகில் பற்களை நடுவார். பிறகு எல்லாவற்றையும் அதே மாவில் புதைத்து, மெழுகைக் கொதிநீரில் உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிறப் பசையை அழுத்தி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். ஊரில் பலபேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரோடும் அவருக்குப் பழக்கமில்லை. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். அதனால் அவரை மரியாதை தெரியாதவர் என்றும் சொல்வதுண்டு.

அக்கா மாடியில் குடியிருந்தாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்கிற வேலை. அவள் குரலைக் கேட்டு ஓடிப்போய் வண்டி பிடித்தவர்களுக்குக் கணக்கில்லை. ஈறு புண்ணாகி, டாக்டர் மிச்சமிருந்த பற்களை எல்லாம் எடுத்துவிட்டார். புண் ஆறும்வரை லீவு. லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. நிலைய மேலாளர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: பதிவுசெய்த குரல் பேசுகிற மெஷின் வந்து இறங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை அக்கா கூண்டுக்கு வந்து பேசினால் மெஷின் பெட்டியிலேயே இருக்கும். இல்லையென்றால் மெஷின் கூண்டுக்கு, அக்கா சாமான் அறைக்கு. சாமான் அறையில் பேச்சுக்கு வேலையில்லை. பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"குடை கூட குடித்தனம் பண்ணவா இத்தனை வருஷம் தொண்டையைத் தீட்டினேன்?" என்று அக்கா கேட்டாள்.

தம்பியே பல் மெக்கானிக்காக இருக்கும்போது அக்காவுக்கு என்ன கவலை என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் தன்னைத் திருத்திக்கொள்ள முடிவுசெய்திருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. சென்ற மாதம் நீச்சல் பயிற்சியாளர் ஒருவருக்குச் செய்த பல்லும் ஒரு தையற்காரிக்குச் செய்த பல்லும் பெட்டி மாறிப் போய்விட்டன. தையற்காரி அன்றே திருப்பி அனுப்பினார். பயிற்சியாளர் ஒரு வாரம் போட்டுப் பார்த்தார். 'கொஞ்சம் இறுக்கம்தான், ஆனா முகத்துல ஒரு களை வந்திருக்குன்னு வீட்டுல சொல்றாங்க' என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்குக் கை இருக்கு மெக்கானிக், கவனம்தான் இல்லை" என்றார் டாக்டர்.

அவர் வீட்டுக்கு வந்து செல்போனை எடுத்தார். கவனம் சிதறாமல் வேலை செய்வது எப்படி என்று ஓர் இளைஞன் விளக்கினான். அவன் மேசையில் ஒன்றுமே இல்லை. பின்னால் ஒரே ஒரு செடி. அவன் முடித்ததும் இன்னொருவன் வந்தான். அவனுக்குச் செடியும் இல்லை. கவனச் சிதறலைப் பற்றி அவர் பார்த்த அளவு கவனமாக அவர் வாழ்க்கையில் வேறெதையும் பார்த்ததில்லை. அந்த வாரம் ஒரு பல்லும் நடப்படவில்லை.

பிறகு ஒழுங்கு பிறந்தது. விடியும்போது எழுவது. யாரோடும் பேசாமல் அறைக்குள் போவது. மதியம்வரை வெளியே வராமலிருப்பது. மற்ற மனிதர்கள் எல்லாம் மாலையில்தான். ரேடியோ பரணுக்குப் போனது. மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு நாள் முழுக்கச் செலவழித்து, மூடி இல்லாத டப்பாக்கள், பெயர் அழிந்த டப்பாக்கள், பல காலமாகத் தொடாத டப்பாக்கள் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டார். மேசை அந்த இளைஞனின் மேசை மாதிரி ஆனது. அதில் உட்கார்ந்ததும் என்ன வேலை செய்வது என்று தெரியவில்லை. செடி ஒன்று வாங்கி வந்தார்.

செல்போனைச் சமையலறையில் மாவு டப்பாவுக்குள் வைத்தார். கைக்கு எட்டாத இடம் என்று இரண்டாமவன் சொல்லியிருந்தான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, காலையில் அவசரமாக மாவெடுக்கக் கையை விட்டாள். மாவு அலறியது. மறுமுனையில் டாக்டர். அவள் போனைத் தட்டித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்காவை மெழுகுப் பல்லோட இங்க அனுப்ப வேண்டாம். எனக்கு இந்த வாரம் ஆளுங்க அதிகம். மெழுகுல நட்டதும் நீங்களே அவங்க வாயில மாட்டிப் பேச வச்சுப் பாருங்க. வீட்டுலயேதானே இருக்காங்க" என்றார் டாக்டர்.

"சரி டாக்டர்" என்றார் அவர். வெள்ளைக் காதோடு அறைக்குத் திரும்பினார்.

"இனிமே போனை உப்பு ஜாடியில வைங்க. கெட்டுப் போகாம இருக்கும்" என்றாள் மனைவி.

மணியின் ஒயரை அறுத்ததற்கும் பிறகு வந்தது சிவப்பு பல்பு. அந்த யோசனை அக்காவின் கூண்டிலிருந்து எடுத்தது. கூண்டில் மைக் திறந்திருக்கும்போது கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரியும்போது மேலாளரே ஆனாலும் வாய் திறக்கக்கூடாது. அதே மாதிரி ஒன்றைப் பின்னறைக் கதவுக்கு மேல் மாட்டி, உள்ளே சுவிட்சு வைத்தார். "இது எரிஞ்சா நான் வீட்டுல இல்லைன்னு நினைச்சுக்கணும்" என்று அறிவித்தார்.

"எரியாதப்ப மட்டும்?" என்று கேட்டுவிட்டு மனைவி வேலைக்குப் போனாள்.

அக்கா பல்பை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்த வீட்டில் சிவப்பு விளக்கின் அருமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இவ்வளவும் முடிந்தபோது வியாழக்கிழமை ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அக்காவின் ஈறு வார்ப்பு முன்னால் இருந்தது. மெழுகைச் சூடாக்கினார். முதல் பல்லை நட்டார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது பல்லை நட்டார். யாரும் கூப்பிடவில்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது. முதலில் பயமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது.

பழைய காலத்தில் இப்படி இருந்ததில்லை. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் யாராவது வந்துவிடுவார்கள். மனைவி கியாஸ் சிலிண்டரைத் தூக்கிவைக்கக் கூப்பிடுவாள். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து எந்த டிரைவர் எந்தக் கண்டக்டரோடு சண்டை என்று சொல்லுவாள். மெழுகுப் பல் மேசையில் ஒரு நாளாவது ஆறிக் கிடக்கும். அதற்குள் டாக்டரின் ஆள் வந்து, வாயில் வைத்துப் பார்க்க எடுத்துப் போய்விடுவான். தன் வேலையை எல்லோரும் கெடுக்கிறார்கள் என்று அவர் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தார்.

இப்போது கெடுக்க ஆளில்லை. கை தானாக ஓடியது. மேல்வரிசை முடிந்தது, கீழ்வரிசை முடிந்தது. பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு முடிகூட நுழையாமல், அச்சில் வைத்த மாதிரி நின்றன. இவ்வளவு அழகாக அவர் எதையும் செய்ததில்லை. எழுந்திருக்க மனமில்லை. அந்த வேகத்திலேயே மாவுக்குள் புதைத்து, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, பசையை அழுத்தி, பாத்திரத்தில் வேகவைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கதவைத் திறந்தபோது வெளியே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. அக்கா அங்கே உட்கார்ந்திருந்திருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மாலை பல் பளபளத்தது. மனிதர்களுக்கான நேரம். அக்காவைக் கூடத்தில் வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து மாட்டினார். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. கன்னம் நிமிர்ந்தது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "அண்ணி, பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பேசுக்கா."

அக்கா முதுகை நிமிர்த்தினாள். இல்லாத மைக்கைச் சரிசெய்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. மூன்றாவது மேடையில் நிற்கும் பஸ்..."

நீளமாக ஒரு விசில் கிளம்பியது.

"குக்கரா அது? நான் அடுப்பே பத்த வைக்கலையே!" என்றாள் உள்ளே போயிருந்த மனைவி.

"திரும்பச் சொல்லு."

"பஸ்."

எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"பழக்கமில்லாததால இருக்கும். பஸ்ஸுன்னு சொல்லாத. பேருந்துன்னு சொல்லேன்."

"ஆகட்டும். பேருந்து சிறிது நேரத்தில்..." மறுபடியும் விசில். இந்தத் தடவை குட்டையாக.

"சிறிதையும் விட்டுரு. கொஞ்சம்னு சொல்லு."

"சரியான சில்லறை வைத்திருக்கவும்னு சொல்லணுமே, அதை எப்படி விடறது?" கேட்டதிலேயே மூன்று விசில்.

முதலில் சிரித்தது அக்காதான். சிரிப்பிலும் விசில் இருந்தது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு அக்கா பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் மறுபடி உள்ளே போய்விட்டது.

"நாளன்னிக்கு நான் இதைப் போட்டுட்டு மைக் முன்னாடி உக்காந்தேன்னு வையி, கண்டக்டர் விசில் அடிச்சிட்டான்னு டிரைவரெல்லாம் வண்டியை எடுத்துருவான்" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. பல்லு வந்து சொல்லு போனது நம்ம வீட்டுலதான்" என்றாள் மனைவி. அவளும் சிரிக்கவில்லை.

அவர் டாக்டருக்குப் போன் போட்டார்.

"மெழுகுல பேச வச்சுப் பாத்தீங்கல்ல? அப்ப விசில் வரலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"அன்னிக்கு வேலை ரொம்ப நல்லா ஓடிச்சு டாக்டர்."

"எவ்வளவு நல்லா?"

"நேரா வேக வச்சுட்டேன்."

"சரி. நாளைக்குள்ள உங்களால என்ன முடியுமோ பாருங்க. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று சொல்லி டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "வாயில வச்சுப் பாக்கணும்னு உனக்குத் தெரியும்தானே? நீயாவது வந்திருக்கலாமில்ல?"

"வந்தேனே. குளிச்சு, வாய் கொப்பளிச்சு, நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். மதியம் பசி தாங்காம மேல போனேன்."

"கதவைத் தட்டறதுக்கென்ன?"

"லைட்டு எரிஞ்சுதேடா" என்றாள் அக்கா. "சிவப்பு லைட்டு எரியறப்ப நான் இருமினதுகூடக் கிடையாது."

அவருக்குத் தன்மேல் கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. கோபத்துக்கு ஒரு தகுதி வேண்டும். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் வாய் காத்துக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் உட்கார்ந்து அந்த வாய்க்குப் பல் செய்த ஆளைப் பற்றி வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். இவர் தாழியைச் சத்தம் போடாமல், முழுக் கவனத்தோடு உடைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். கோளாறு எங்கே என்பது அவருக்கு இப்போது தெரிந்தது. முன்பற்களை அழகுக்காக நெருக்கிக் குறுக்கிவிட்டார். அவற்றுக்குப் பின்னால் காற்று போக ஒரு சந்துதான் இருந்தது. முழுவதும் புதிதாகச் செய்ய நேரமில்லை. ஈறில் உட்காரும் ரோஸ் தட்டு நன்றாகப் பிடிக்கிறது, முன்பற்களை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு மெழுகில் புதிதாக நடலாம் என்று முடிவுசெய்தார். பேசிப் பார்த்துச் சரியானதும் வேகவைக்காமலேயே இறுகுகிற பொடியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

ரம்பத்தை எடுத்து, வெள்ளிக்கிழமை செய்த அழகை எல்லாம் அறுத்தார்.

பிறகு நடுவதும் மாட்டுவதும் கழற்றுவதுமாகப் போனது. மாட்டியதும் அக்கா பேச வேண்டும். வீட்டில் வாய்பொத்திக் கிடந்த நாட்களின் பேச்செல்லாம் அவளிடம் சேர்ந்திருந்தது. பஸ் நிலைய வாசலில் பூட்டுக்கடை வைத்திருந்தவர் கண்டக்டர் ஒருவரின் மாமியாரை எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார் என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பொம்பளை சொன்னாளாம், சாவியே இல்லாம..."

விசில் கேட்டது. அவர் பல்லைக் கழற்றினார். அக்கா நிறுத்தவில்லை. கதை கூழாக வந்துகொண்டே இருந்தது. அவர் மெழுகைச் சுரண்டி, ஒரு பல்லை வெளியே தள்ளி, மறுபடி மாட்டினார்.

"...அதுக்குள்ள மருமகன் வந்து நிக்கிறான்!"

"நடுவுல என்ன ஆச்சு?"

"சொன்னேனே."

"பல்லு இல்லாம சொன்ன. புரியல."

"அப்ப முதல்லேர்ந்து சொல்லணும்" என்று அக்கா சந்தோஷமாக ஆரம்பித்தாள்.

மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். ஒரு முறை சிலிண்டர், ஒரு முறை குளியலறைக் குழாய். பக்கத்து வீட்டுத் தபால்காரர் மணியை அழுத்திப் பார்த்து, சத்தம் வராமல், பின்பக்க ஜன்னல் வழியாகவே தலையை நீட்டி, "என்ன, மணி ரிப்பேரா?" என்று விசாரித்தார். அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார், எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். பூட்டுக்கடைக்காரர் கதையை அன்று பலமுறை கேட்டார். வெயில் தாழ்கிற நேரத்தில் அக்கா, "சாவியே இல்லாம சந்தோஷமா சேர்ந்து இருந்தாங்கடா, பஸ் ஸ்டாண்டே சிரிச்சுது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அறையில் எந்த விசிலும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பஸ் சொல்லு."

"பஸ்."

"சில்லறை."

"சரியான சில்லறை. சிறிது நேரத்தில். சிறப்புப் பேருந்து. போதுமாடா?"

இனி பொடி. மேசைக்கடியில் குனிந்தார். அலமாரியைத் திறந்தார். ஸ்டூலில் ஏறிப் பரணில் ரேடியோவுக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவினார். மூடி இல்லாத டப்பா அது. அழுத்தமான துணியால் வாயைக் கட்டி வைத்திருந்தது. மேசை சுத்தமான அன்று அது குப்பைக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. பழைய முறையில் வேகவைத்துத் தேய்த்து எடுக்க அடுத்த நாள் மதியம் ஆகும். அக்காவின் வேலை விடியற்காலையில் ஆரம்பம்.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்றார்.

"மெழுகோடயே போறேன்" என்றாள் அக்கா கீழேயிருந்து.

"மெழுகுக்கா. சூடு பட்டா உருகும். ஒண்ணும் கடிக்கக்கூடாது."

"கூண்டுல என்னத்தைக் கடிக்கப் போறேன்? மைக்கையா?"

"டீ குடிக்கக்கூடாது."

அக்கா யோசித்தாள். இந்த ஒன்றுக்குத்தான் அவள் யோசித்தது. "சரி" என்றாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே இருவரும் பஸ் நிலையம் போனார்கள். அவர் ஒரு சின்னப் பையில் மெழுகுத் துண்டு, கத்தி, லைட்டர் எடுத்துப் போயிருந்தார். கூண்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் அறிவிப்பு ஐந்தாவது மேடைக்கு, விசில் இல்லாமல். பெஞ்சில் இருந்த ஒரு குடும்பம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மேடைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மேலாளர் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, மெஷின் பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் தன் அறைக்குப் போனார். டீ வந்தபோது அக்கா அதை வெளியே அனுப்பினாள், அவர் குடித்தார். வெயில் ஏறியபிறகு ஒரு பல் ஆடுவதாகச் சைகை காட்டினாள். ஒரு அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் இடையில், கூண்டின் பின்கதவருகே அவர் கத்தியைச் சூடாக்கி அதை ஒட்டினார். வாகனப் புகையில் மெழுகில் கரி படிந்தது. மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா பல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு தம்ளர் டீ குடித்தாள். அவர் பல்லைக் கழுவி, மாவில் புதைத்து, அடுப்பில் தண்ணீர் வைத்தார். டாக்டர் அனுப்பியிருந்த புது அச்சுகள் இரண்டு வாசலில் இருந்தன. அன்று அவற்றை அவர் பிரிக்கவில்லை.